கட்டளைவரியும் அமைவுக் கோப்பும் முரண்பட்டால் எது செல்லும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிரலுக்குச் சொல்ல வேண்டியதைப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சொல்கிறோம். நாள்தோறும் மாறாதவற்றை அமைவுக் கோப்பில், அதாவது பேச்சில் கான்ஃபிக் ஃபைல் என்று சொல்கிறோமே அதில், எழுதி வைக்கிறோம். அந்த ஒரு முறைக்கு மட்டும் வேண்டியதை, நிரலைத் தொடங்கத் தட்டும் வரியில், அதாவது கட்டளைவரியில், ஆப்ஷனாகத் தருகிறோம். ஒரே அமைப்புக்கு இரண்டு இடத்திலும் வெவ்வேறு மதிப்பு இருந்தால் நிரல் எதைக் கேட்க வேண்டும்? நிரல் எழுதுபவர்களும் சர்வர்களைப் பராமரிப்பவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு விடை எழுதியிருக்கிறேன். ஆப்ஷன்களின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

கேள்வி: ஒரே வரியில் சொல்லுங்கள். எது செல்ல வேண்டும்?

கட்டளைவரியில் சொன்னதே செல்ல வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விதிவிலக்கு வேண்டும் என்பவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

கேள்வி: ஆற அமர யோசித்து எழுதிய கோப்பை, அவசரத்தில் தட்டிய ஒரு வரி தள்ளிவிடலாம் என்பது எப்படி நியாயம்?

அந்த வரி கோப்பைத் தள்ளிவிடுவதில்லை. கோப்பு அப்படியே இருக்கிறது. நாளைக்கு ஆப்ஷன் இல்லாமல் நிரலை ஓட்டினால் கோப்பில் உள்ளதே மீண்டும் நடைமுறைக்கு வரும். கோப்பு எல்லா நாளுக்குமாக எழுதப்பட்டது, கட்டளை இந்த ஒரு முறைக்காக எழுதப்பட்டது. இந்த முறை என்ன வேண்டும் என்பதை இந்த முறை ஓட்டுபவரைவிட, ஆறு மாதத்துக்கு முன் கோப்பை எழுதியவர் நன்றாக அறிந்திருக்க வழியில்லை, அவர் இவரேயானாலும் கூட.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. கட்டளைவரி செல்லும் என்று வைத்துக்கொண்டால், கோப்பில் உள்ள மதிப்பை விரும்புபவருக்கு வழி மூடப்படவில்லை. அவர் ஆப்ஷனைத் தராமல் இருந்தால் போதும். கோப்பே செல்லும் என்று வைத்துக்கொண்டாலோ, வேறு மதிப்பை விரும்புபவருக்குக் கட்டளைவரியில் எந்த வழியும் இல்லை. அவர் கோப்பைத் திறந்து, நிரல் எவ்வளவு விவரமாகப் பதிவு எழுத வேண்டும் என்ற நிலையை "இன்ஃபோ" என்பதிலிருந்து மிக விவரமான "டீபக்" என்று மாற்றி, நிரலை ஓட்டி, தேவையானதைப் பார்த்துவிட்டு, மறுபடி கோப்பைத் திறந்து பழையபடி திருத்த வேண்டும். கடைசிப் படியை யாராவது ஒருவர் ஒரு நாள் மறப்பார். டீபக் பதிவுகள் இரவோடு இரவாக வட்டு முழுவதையும் நிரப்பி, அதே கணினியில் ஓடும் வேறொரு சேவையை விடியற்காலையில் நிறுத்திவிடும். அப்போது காரணத்தைத் தேடுபவர், நேற்று யாரோ இரண்டு நிமிடம் சோதித்துப் பார்த்த கோப்பை நினைத்துப் பார்க்கவே மாட்டார்.

கேள்வி: சூழல் மாறிகள் இந்த வரிசையில் எங்கே நிற்கின்றன?

சூழல் மாறி என்பது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லோ வேறொரு நிரலோ தான் தொடங்கும் நிரலுக்குப் பெயரிட்டுக் கொடுத்தனுப்பும் மதிப்பு. அது வழக்கமாக இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிரலுக்குள்ளேயே எழுதப்பட்ட இயல்பு மதிப்பு அடியில் இருக்கும். அதற்கு மேல் கணினி முழுவதற்குமான கோப்பு, அதற்கு மேல் பயனரின் சொந்தக் கோப்பு, பிறகு சூழல் மாறி, எல்லாவற்றுக்கும் மேல் கட்டளைவரி. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப், கோ மொழியில் பலரும் பயன்படுத்தும் வைப்பர் நூலகம் ஆகியவை, சூழல் மாறி கோப்பையும் கட்டளைவரி சூழல் மாறியையும் வெல்லும் இந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன. மைஎஸ்கியூஎல் தரவுத்தளமோ சூழல் மாறிகளை முதலில் படித்து, அவற்றை அமைவுக் கோப்புகளுக்கும் கீழே வைக்கிறது.

நடுவில் வைப்பதே சரி என்பது என் கருத்து, ஆனாலும் சூழல் மாறியை நான் முழுதாக நம்புவதில்லை. கட்டளைவரி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கோப்பைத் திறந்தால் தெரிகிறது, சூழல் மாறியோ எங்கோ ஒரு ஷெல் கோப்பில் என்றோ எழுதப்பட்டு, தாய் நிரலிலிருந்து சேய் நிரலுக்குச் சத்தமின்றி இறங்கிக்கொண்டே இருக்கும். உரையில் சொற்களைத் தேடும் க்னூ கிரெப் நிரலில் கிரெப்_ஆப்ஷன்ஸ் என்றொரு மாறி இருந்தது. தன் வசதிக்காக ஒருவர் அதில் எழுதி வைத்த ஆப்ஷன், அவருக்குத் தெரியாமலேயே அவர் ஓட்டும் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றின் உள்ளேயும் இருக்கும் கிரெப்பை மாற்றி நடக்க வைத்தது. 2014இல் வந்த 2.21 பதிப்பு முதல் அதைப் பயன்படுத்தினால் எச்சரிக்கை வந்தது. பிறகு அந்த மாறிக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று.

கேள்வி: ஓர் ஆப்ஷன் தந்துவிட்டால் கோப்பு முழுவதும் புறக்கணிக்கப்படுமா?

கூடாது. ஒப்பீடு ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனியாக நடக்க வேண்டும். "--போர்ட் 9000" என்று தந்தவர் போர்ட்டைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்; நேரக் கெடுவையும் பதிவுக் கோப்பின் இடத்தையும் அவர் தொடவில்லை, ஆகவே அவை கோப்பில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

கோப்பு முழுவதையும் ஒதுக்க விரும்புபவருக்குத் தனியாக ஒரு வழி இருக்க வேண்டும். இணைய முகவரிகளிலிருந்து தரவை இறக்கும் கர்ல் நிரலில் "-க்யூ" என்பதை முதல் ஆப்ஷனாகத் தந்தால் அது பயனரின் இயல்பான அமைவுக் கோப்பைப் படிக்காது. மைஎஸ்கியூஎல்லில் "--நோ-டிஃபால்ட்ஸ்" இருக்கிறது. இன்னொருவர் கணினியில் ஓடப்போகும் ஸ்கிரிப்டை எழுதுபவருக்கு இது பெரிய துணை.

கேள்வி: எஸ்எஸ்எச்சில் "முதலில் வந்ததே செல்லும்" என்கிறார்களே, அது இதற்கு நேர் எதிரானது அல்லவா?

எஸ்எஸ்எச் என்பது தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் நிரல். அதன் விதி கேட்பதற்கு எதிராகத் தோன்றும், விளைவு ஒன்றுதான். பல நிரல்கள் தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்குப் படித்துக்கொண்டே வந்து, பின்னால் வந்ததை முன்னால் வந்ததன் மேல் எழுதுகின்றன. எஸ்எஸ்எச்சின் பரவலான வடிவமான ஓபன்எஸ்எஸ்எச்சின் கிளையன்ட் தலைகீழாகப் போகிறது: முதலில் கட்டளைவரி, அடுத்து பயனரின் கோப்பு, கடைசியில் கணினி முழுவதற்குமான கோப்பு என்று படித்து, ஓர் அமைப்புக்கு முதலில் கிடைத்த மதிப்பையே வைத்துக்கொள்கிறது. கட்டளைவரி இரண்டிலும் மேலேதான் இருக்கிறது.

ஆனால் ஒரே கோப்புக்குள் எழுதும்போது இந்த வேறுபாட்டை மறந்தால் சிக்கல் வரும். எஸ்எஸ்எச் கோப்பில் எல்லா ஹோஸ்ட்டுக்குமான, அதாவது இணையும் எல்லாக் கணினிக்குமான, "ஹோஸ்ட் *" பகுதியை மேலே எழுதிவிட்டு, குறிப்பிட்ட ஒரு ஹோஸ்ட்டுக்கான பயனர் பெயரைக் கீழே எழுதினால், மேலே உள்ள பொதுப் பெயரே பிடித்துக்கொள்ளும். கீழே எழுதியது பயனின்றிக் கிடக்கும். குறிப்பானவை மேலே, பொதுவானவை கீழே என்பதே அங்கு ஒழுங்கு.

கேள்வி: பட்டியலாக இருக்கும் மதிப்புகளை எப்படிக் கையாள்வது? மாற்றுவதா, சேர்ப்பதா?

இந்தத் துறையில் ஒருமித்த வழக்கம் உருவாகாத இடம் இது. கோப்பில் மூன்று அடைவுகள் விலக்கப்பட்டிருக்கின்றன. கட்டளைவரியில் "--விலக்கு தற்காலிகம்" என்று நான்காவது ஒன்றைத் தருகிறோம். நான்கும் விலக்கப்பட வேண்டுமா, அந்த ஒன்று மட்டுமா? இரண்டையும் நியாயப்படுத்தலாம். எஸ்எஸ்எச்சில் "-ஐ" மூலம் ஒரு சாவிக் கோப்பைத் தந்தால், அமைவுக் கோப்பில் உள்ள சாவிகள் மறைந்துவிடுவதில்லை. அவையும் முயன்று பார்க்கப்படும். "நான் ஒரு சாவியைத்தானே தந்தேன், சர்வர் ஏன் அளவுக்கு மீறிய முயற்சிகள் என்று இணைப்பைத் துண்டிக்கிறது?" என்று திகைப்பவர்களில் சிலருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஒற்றை மதிப்பு மாற்றும், பட்டியல் சேர்க்கும் என்று இரு நடத்தைகளை ஒரே மாதிரித் தோன்றும் ஆப்ஷன்களுக்குத் தருவதைவிட, பெயரிலேயே வேறுபடுத்துவதை விரும்புகிறேன். "--விலக்கு" முழுப் பட்டியலையும் மாற்றட்டும், "--மேலும்-விலக்கு" சேர்க்கட்டும். வெறும் சேர்ப்பை மட்டும் தந்து, பட்டியலைக் காலி செய்ய வழி தராத நிரல்தான் மிகவும் தொல்லை தரும்.

கேள்வி: கோப்பில் "ஆம்" என்று இருப்பதைக் கட்டளைவரியில் எப்படி "இல்லை" ஆக்குவது?

ஒவ்வோர் ஆம்-இல்லை ஆப்ஷனுக்கும் "--நோ-" என்று தொடங்கும் எதிர்ப்பெயர் வேண்டும். நிரல் மூலத்தின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் இந்த வழக்கம் பரவலாக இருக்கிறது. கட்டளைவரியைப் பிரித்துப் படிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் நூலகத்தில் 3.9 பதிப்பிலிருந்து இதை ஒரே வரியில் அமைக்கலாம். "--வண்ணம்" மட்டும் வைத்துவிட்டு "--நோ-வண்ணம்" வைக்காத நிரலில், கட்டளைவரி கோப்பை வெல்கிறது என்பது பாதி உண்மைதான்.

கேள்வி: நிரல் எழுதுபவர்கள் இதில் அதிகமாகச் செய்யும் பிழை எது?

இயல்பு மதிப்பைக் கட்டளைவரி ஆப்ஷனோடு ஒட்டி எழுதிவிடுவது. கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம்.

ஆர்க்பார்ஸில் ஒருவர் "--போர்ட்" என்ற ஆப்ஷனை வரையறுத்து, அதன் இயல்பு மதிப்பு 8080 என்று அங்கேயே எழுதுகிறார். பிறகு கோப்பைப் படிக்கிறார். அதில் 9000 இருக்கிறது. கட்டளைவரி மதிப்பு வெறுமையாக இல்லாவிட்டால் அதையே எடு, வெறுமையாக இருந்தால் கோப்பைப் பார் என்று இணைக்கிறார். பயனர் ஆப்ஷன் எதையும் தராமல் நிரலை ஓட்டுகிறார். ஆர்க்பார்ஸ் 8080 என்று தருகிறது. அது வெறுமை இல்லை. எனவே 8080 செல்கிறது. யாரும் தட்டாத ஒரு மதிப்பு, கட்டளைவரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு கோப்பைத் தோற்கடித்துவிட்டது. பயனர் கோப்பில் எத்தனை முறை போர்ட்டைத் திருத்தினாலும் பலன் இருக்காது.

இதற்கு எதிர்வினையாகச் சிலர் வரிசையைப் புரட்டி, "கோப்பில் இருந்தால் கோப்பே செல்லும்" என்று எழுதிவிடுகிறார்கள். முதல் பிழை மறைகிறது, இரண்டாவது பிறக்கிறது: இப்போது உண்மையாகவே "--போர்ட் 7000" என்று தட்டியவர் ஏமாறுகிறார். கோப்பு கட்டளைவரியை வெல்லும் நிரல்கள் பல, கொள்கையால் அல்ல, இந்தக் குழப்பத்தால்தான் அப்படி ஆகின என்று நினைக்கிறேன்.

தீர்வு எளிது. ஆப்ஷனுக்கு இயல்பு மதிப்பே தராதீர்கள். "பயனர் எதுவும் சொல்லவில்லை" என்பதை 8080இலிருந்து வேறுபடுத்திக் காட்டும் ஒரு வெற்று அடையாளத்தை வையுங்கள். இயல்பு மதிப்புகளைத் தனி அடுக்காக எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து, அதன் மேல் கோப்பு, சூழல் மாறி, கட்டளைவரி என்று ஒவ்வொன்றாக அடுக்குங்கள். கோ மொழியின் ஃபிளாக் தொகுப்பில் "விசிட்" என்ற செயல்கூறு பயனர் உண்மையாகவே தந்த ஆப்ஷன்களை மட்டும் சுற்றி வரும், "விசிட்ஆல்" எல்லாவற்றையும் சுற்றி வரும். இந்த வேறுபாடு அங்கே இருப்பதே இந்தத் தேவையை உணர்த்தும்.

உதவிப் பக்கத்தில் இயல்பு மதிப்பைக் காட்ட வேண்டுமே என்று தயங்க வேண்டாம். உதவி உரையில் 8080 என்று எழுதுவது வேறு, அதைப் பயனர் தட்டிய மதிப்பாகக் கணக்கில் வைப்பது வேறு.

கேள்வி: இரண்டிலும் இருந்தால் யாரையும் தேர்ந்தெடுக்காமல் பிழை காட்டி நிறுத்திவிடலாமா?

அப்படிச் செய்யும் நிரல்கள் உண்டு. நிரல்களைக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கரின் டீமன், அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் அதன் நிரல், ஓர் அமைப்பு அதன் ஜேசான் கோப்பிலும் கட்டளைவரியிலும் ஒருங்கே இருந்தால் தொடங்கவே மறுத்துவிடும். சில லினக்ஸ் வெளியீடுகளில் டாக்கரைத் தொடங்கும் சிஸ்டம்டி யூனிட்டிலேயே, அதாவது சேவையை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் கோப்பிலேயே, "-எச்" ஆப்ஷன் எழுதப்பட்டிருப்பதால், கோப்பில் "ஹோஸ்ட்ஸ்" என்று சேர்ப்பவர்கள் பலருக்கும் அடுத்த முறை டீமன் எழுவதில்லை. என்ஜின்எக்ஸ் வலைச் சர்வரிலும் "-ஜி" வழியாக "டீமன் ஆஃப்" என்று தந்துவிட்டு, கோப்பிலும் அதே வரியை வைத்திருந்தால் இரட்டிப்பு என்று பிழை வரும். மதிப்பு ஒன்றாகவே இருந்தாலும் வரும்.

நீண்ட காலம் ஓடும் டீமனுக்கு இந்தக் கண்டிப்பில் பொருள் இருக்கிறது: எந்த மதிப்போடு ஓடுகிறது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. ஆனால் ஒருவர் தன் டெர்மினலில் நாளுக்கு நூறு முறை ஓட்டும் கருவிக்கு இது பொருந்தாது. அங்கே முரண்பாடு என்பது பிழை அல்ல, அன்றாடப் பயன்பாடே அதுதான்.

கேள்வி: அப்படியானால் கோப்பே செல்ல வேண்டிய இடம் எது?

கோப்பை எழுதுபவரும் கட்டளையைத் தட்டுபவரும் வேறு வேறு ஆட்களாக இருந்து, முன்னவருக்குப் பின்னவரைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு இருக்கும் இடம். இதுவரை சொன்ன நியாயமெல்லாம், இருவரும் ஒருவரே அல்லது இருவருக்கும் ஒரே அதிகாரம் என்ற அடிப்படையில் நிற்கிறது. அது இல்லாதபோது விடையும் மாறுகிறது.

மைஎஸ்கியூஎல் சர்வரில் ஒரே ஆப்ஷன் பல முறை வந்தால் கடைசியில் வந்ததே செல்லும். "--யூசர்" மட்டும் விலக்கு. அதில் முதலில் வந்ததே செல்லும். சர்வர் எந்தப் பயனராக ஓட வேண்டும் என்று நிர்வாகி கோப்பில் எழுதியதை யாரும் கட்டளைவரியில் மாற்றிவிடக் கூடாது என்ற பாதுகாப்புக் காரணத்துக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஓபன்எஸ்எஸ்எச் சர்வரின் "ஃபோர்ஸ்கமாண்ட்" அமைப்பும் இதே இனம்: கிளையன்ட் எந்தக் கட்டளையைக் கேட்டாலும், சர்வரின் கோப்பில் எழுதப்பட்ட கட்டளையே ஓடும். ஃபயர்ஃபாக்ஸில் நிர்வாகி பூட்டி வைத்த விருப்பங்களைப் பயனர் மாற்ற முடியாது.

கவனிக்க வேண்டியது, இங்கெல்லாம் கோப்பு முழுவதும் மேலோங்குவதில்லை. குறிப்பிட்ட சில அமைப்புகள் மட்டும் பூட்டப்படுகின்றன. உங்கள் நிரலுக்கும் இதுவே நல்ல வழி. பூட்டிய ஒன்றைப் பயனர் மாற்ற முயன்றால், கேட்டும் கேளாததுபோல் கடந்துபோகாமல், "இது நிர்வாகியால் பூட்டப்பட்டுள்ளது, இந்தக் கோப்பில், இந்த வரியில்" என்று சொல்லி நிறுத்துங்கள். கூடவே ஒரு நிபந்தனை: பயனர் எழுதக்கூடிய கோப்பில் உள்ள பூட்டு பூட்டே அல்ல. வேறு அமைவுக் கோப்பைச் சுட்டும் ஆப்ஷனும் திறந்திருந்தால் அதுவும் அப்படியே.

கேள்வி: கட்டளைவரியில் எழுதிய எல்லாமே மேலான இடத்தைப் பெறுமா?

எப்போதும் இல்லை, இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிளில் "-யூ" என்று தரும் பயனர் பெயர், மாறிகளின் முன்னுரிமைப் பட்டியலில் ஆகக் கீழே இருக்கிறது. கணினிகளின் பட்டியலான இன்வென்டரியில் "ஆன்சிபிள்_யூசர்" என்று எழுதியிருந்தால் அதுவே செல்லும். அதே கட்டளைவரியில் "-ஈ" வழியாகத் தரும் மாறியோ ஆக உச்சியில் இருக்கிறது. இரண்டும் ஒரே வரியில், அடுத்தடுத்து நிற்கின்றன. கிட்டில் "-சி யூசர்.நேம்" என்று தந்தாலும், ஆசிரியர் பெயருக்கான சூழல் மாறி அமைந்திருந்தால் கமிட்டில் ஆசிரியராக அந்த மாறியின் பெயரே பதிவாகும், ஏனெனில் "-சி" தருவது இன்னோர் அமைவு அடுக்கையே. காரணம் இருக்கிறது என்பதற்காக நான் இவற்றை ஏற்றுக்கொள்கிறேன் என்று பொருளல்ல. புதிதாக எழுதும் நிரலில் இந்த மாதிரியைப் பின்பற்ற வேண்டாம்.

அப்பாச்சி வலைச் சர்வர் இதை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. சிறிய எழுத்து "-சி" வழியாகத் தந்த வரி கோப்புகளுக்குப் பின்னும், பெரிய எழுத்து "-சி" வழியாகத் தந்தது கோப்புகளுக்கு முன்னும் படிக்கப்படும். எழுத்தின் உருவத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லாதது சற்றே வருத்தம் தருகிறது, எனினும் தேர்வு பயனர் கையில் இருக்கிறது.

கேள்வி: கோப்பைத் திருத்தி நிரலை மறுபடி தொடங்கியும் மாற்றம் தெரியவில்லை. எங்கே பார்ப்பது?

நிரலைத் தொடங்குவது எது என்று முதலில் பாருங்கள். நான் பராமரித்த ஒரு சேவையில் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையை 100இலிருந்து 300ஆக்க வேண்டியிருந்தது. கோப்பைத் திருத்தினேன், சேவையை மறுபடி தொடங்கினேன், 100தான். வேறு கோப்பைப் படிக்கிறதோ என்று கணினி முழுவதும் தேடினேன். கோப்பின் உரிமைகளைச் சரிபார்த்தேன். 300க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்கிறதோ என்றுகூடப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் "பிஎஸ்" கட்டளையின் வெளியீட்டை வலப்புறமாக நகர்த்தியபோது, திரைக்கு வெளியே, நீண்ட வரியின் கடைசியில் அது நின்றது: "--உச்ச-இணைப்பு 100". எனக்கு முன் அந்தச் சேவையைப் பார்த்துக்கொண்டவர், எப்போதோ சோதனைக்காக சிஸ்டம்டி யூனிட்டின் எக்செக்ஸ்டார்ட் வரியில் சேர்த்தது.

கட்டளைவரி செல்லும் என்ற விதி அன்று எனக்கு எதிராக நின்றது, ஆயினும் விதியில் குறையில்லை. யூனிட் கோப்பில் எழுதிய கட்டளைவரி "இந்த ஒரு முறைக்கு" என்ற தன்மையை இழந்து, அதுவே இரண்டாவது அமைவுக் கோப்பாகிவிடுகிறது. அதனால் சேவைகளைத் தொடங்கும் வரியில் கோப்பின் இடத்தைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளச் சர்வரிலும் இதே நிலைதான்: தொடக்கத்தில் கட்டளைவரியில் தந்த மதிப்பு, கோப்பையும் 9.4 பதிப்பில் வந்த "ஆல்டர் சிஸ்டம்" கட்டளையையும் வென்று நிற்கும். அதைச் சர்வர் முழுவதற்கும் மாற்ற மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: இந்த இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்த நிரல் என்ன செய்திருக்க வேண்டும்?

ஒவ்வொரு மதிப்பும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லியிருக்க வேண்டும். முன்னுரிமை வரிசையைப் பற்றிய விவாதத்தைவிட இதை முக்கியமாகக் கருதுகிறேன். போஸ்ட்கிரெஸில் "பிஜி_செட்டிங்ஸ்" என்ற பார்வையைக் கேட்டால், மதிப்போடு அது இயல்பு மதிப்பா, கோப்பா, சூழல் மாறியா, கட்டளைவரியா என்றும், கோப்பு என்றால் எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி என்றும் காட்டும். கிட்டில் 2.8 பதிப்பிலிருந்து "--ஷோ-ஆரிஜின்", 2.26இலிருந்து "--ஷோ-ஸ்கோப்" இருக்கின்றன. எஸ்எஸ்எச்சில் பெரிய எழுத்து "-ஜி" தந்தால் இணைக்காமலேயே, எல்லாம் சேர்ந்தபின் கிடைத்த இறுதி மதிப்புகளை அச்சிடும்; எங்கிருந்து வந்தன என்று சொல்லாது, ஆனாலும் பாதி வேலை முடிந்துவிடும்.

இதைச் செய்ய அதிகம் எழுத வேண்டியதில்லை. அடுக்குகளை இணைக்கும் இடத்தில் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அடுக்கின் பெயரையும் உடன் எடுத்துச் சென்றால் போதும்.

கேள்வி: கடவுச்சொல்லும் கட்டளைவரியில் கோப்பை மீறலாமா?

கடவுச்சொல்லைக் கட்டளைவரியில் ஏற்காதீர்கள். வழக்கமாக அமைக்கப்பட்ட லினக்ஸ் கணினியில், ஓடும் நிரலின் கட்டளைவரியை அதே கணினியின் மற்றப் பயனர்களும் பார்க்கலாம். ஷெல் வரலாற்றிலும் அது தங்கிவிடும். கடவுச்சொல் இருக்கும் கோப்பின் இடத்தை ஆப்ஷனாக ஏற்பது போதுமானது, அந்த இடம் வழக்கம்போல அமைவுக் கோப்பில் உள்ளதை வெல்லட்டும்.

கேள்வி: எங்கள் நிரலில் இதுவரை கோப்பே வென்று வந்திருக்கிறது. இப்போது மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் ஒரே வெளியீட்டில் வேண்டாம். யாரோ ஒருவருடைய ஸ்கிரிப்டில் பயனற்றதாகக் கிடக்கும் ஓர் ஆப்ஷன், வரிசையைப் புரட்டிய அன்று உயிர்பெறும். அது தரவை அழிக்கும் ஆப்ஷனாகவும் இருக்கலாம். முதல் வெளியீட்டில் நடத்தையைத் தொடாமல், இரண்டும் முரண்படும்போது மட்டும், எந்த அமைப்பு, இரண்டு மதிப்புகள் எவை, இப்போது எது செல்கிறது, இனி எது செல்லும் என்று எச்சரிக்கை எழுதுங்கள். அந்த எச்சரிக்கை வழக்கமான வெளியீட்டோடு கலக்காமல் பிழை வெளியீட்டுக்குப் போகட்டும். இல்லாவிட்டால் உங்கள் நிரலின் வெளியீட்டைப் படிக்கும் வேறு நிரல்கள் உடையும். அடுத்த பெரிய பதிப்பு எண்ணோடு வரிசையை மாற்றி, மாற்றக் குறிப்பின் முதல் வரியில் அதை எழுதுங்கள்.